மூடி திறந்த டின்னும் முத்தையா மச்சானும்

முத்தையா மச்சான் கற்பூரத் தட்டைக் கையில் எடுத்தபோது என் வயிற்றில் ஏதோ செய்தது. பசி என்று நினைத்தேன். ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் வயிற்றில் என்ன நடந்தாலும் பசி என்றுதான் நினைப்போம்.

அன்று ஆயுத பூசை. பிரிக்ஃபீல்ட்ஸில் மச்சான் வீட்டு வாசலில் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடுகிற அவருடைய கரிவாயு லோரி குளித்து, பட்டை போட்டு, டயருக்கு டயர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு நின்றது. லோரிக்கு முன்னால் வாழை இலை. இலையில் ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி, அவித்த மரவள்ளிக் கிழங்கு. பொரிகடலைக்கு எங்கே போவது? அந்த வருஷம் சாமிக்கும் மரவள்ளிதான்.

இலைக்குப் பக்கத்தில் வரிசையாக ஐந்து டின். மண்ணெண்ணெய் வந்துகொண்டிருந்த காலத்துச் சதுர டின்கள். ஐந்துக்கும் சந்தனம், குங்குமம். ஐந்துக்கும் மூடி இல்லை.

"மூடி எங்கே மச்சான்?" என்றேன்.

"ஏன் மாப்பிளே, மூடி போட்ட சட்டியை யாராச்சும் படைப்பாங்களா? உள்ளே இருக்கிறதைச் சாமி பார்க்க வேணாமா?"

கேள்வி நியாயமானது. பொங்கலைத் தட்டுப் போட்டு மூடி வைத்தா படைக்கிறோம்? தெருவே கூடி நின்றது. மச்சான் 'அம்மா தாயே' என்று சொல்லித் தட்டை லோரிக்குக் காட்டினார், ஸ்பேனருக்குக் காட்டினார், அப்படியே முதல் டின் பக்கம் கொண்டுபோனார்.

தட்டு டின்னைத் தொடவே இல்லை. ஒரு சாண் தூரம் இருக்கும்போதே கற்பூரத்திலிருந்து ஒரு நீலச் சுடர் தாவியது. 'பக்' என்று ஒரு சத்தம். டின்னின் வாயில் போய் நின்றுகொண்டு அது மெல்ல ஆடியது.

"ஆத்தா வந்துட்டா!" என்று யாரோ கத்தினார்கள். மச்சான் தட்டோடு விழுந்து கும்பிட்டார். மூன்று பொம்பளைகளுக்கு ஒரே நேரத்தில் அருள் வந்தது.

நான் லோரி கழுவிய ஈரச் சாக்கை எடுத்து ஆத்தாவின் மேல் போட்டேன்.

ஆத்தாவை அணைத்த பாவி

அன்றைக்கு நான் வாங்கிய திட்டை இன்றைக்கு வரைக்கும் வேறு யாரிடமும் வாங்கவில்லை. ஜப்பான்காரன்கூட கன்னத்தில் அறைந்துவிட்டு அதோடு விட்டுவிடுவான். எங்கள் தெருப் பொம்பளைகள் அப்படியா? "ஜோதியா வந்தவளைச் சாக்குப் போட்டு அமுக்கிட்டானே, இவன் வெளங்குவானா?" என்று ஒரு வாரம் என் காதில் விழுகிற மாதிரியே பேசினார்கள்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் ரயில்வே எண்ணெய்க் கிடங்கில் கிராணி; கணக்கு எழுதுவதும் எண்ணெயைச் சோதிப்பதும் என் வேலை. வெள்ளைக்காரன் ஓடும்போது தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினான், பித்தளைக் கிண்ணத்தை விட்டுவிட்டான். அந்தக் கிண்ணத்தை உபயோகிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருத்தன்தான் என்பதால் ஜப்பான்காரன் என்னையும் கிண்ணத்தையும் சேர்த்தே வைத்துக்கொண்டான்.

அது ஒரு சின்னப் பானை மாதிரி இருக்கும். உள்ளே எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றி, மூடி, அடியில் மெதுவாகச் சூடு காட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு ஏற ஏற, மூடியில் இருக்கும் சின்ன ஜன்னலைத் திறந்து ஒரு பொட்டுச் சுடரை எட்டிப்பார்க்க விட வேண்டும். ஒன்றும் ஆகவில்லையா, இன்னும் சூடாக்கு. எந்தச் சூட்டில் உள்ளே 'பக்' என்று ஒரு மின்னல் ஓடுகிறதோ, அதுதான் அந்த எண்ணெயின் தீப்பற்று நிலை.

ஏன் என்றால், எரிவது எண்ணெய் இல்லை. எண்ணெய் விடுகிற மூச்சு. சூடு ஏற ஏற மூச்சு அதிகமாகும். நல்ல மண்ணெண்ணெய் நம் ஊர் வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவ்வளவாக மூச்சு விடாது, அதனால்தான் அதை விளக்கில் ஊற்றிப் பக்கத்தில் படுத்துத் தூங்கலாம். பெட்ரோல் அப்படி இல்லை. அது நிழலில் வைத்தாலும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும்.

இப்போது பாருங்கள். கிடங்கில் நான் கதவைச் சாத்திக்கொண்டு, மணல் வாளி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற சோதனையை, மச்சான் தெருவே பார்க்கச் செய்து காட்டிவிட்டார். அதுவும் சூடே காட்டாமல், காலை வெயிலில்.

தெளிவான தண்ணி

முத்தையா மச்சானைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அக்கா ராஜத்தைக் கட்டியவர். லோரி டிரைவர். கையில் எது கிடைத்தாலும் அதைக் கழற்றிப் பார்ப்பார். மாட்டும்போது இரண்டு ஸ்க்ரூ மிஞ்சும். "அது வெள்ளைக்காரன் தேவையில்லாம வச்சது" என்பார். ஆனால் தங்கமான மனுஷன். அக்கா வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னால் வாங்கி வந்து நிற்பார்.

ஊரில் எண்ணெய் வற்றிப்போனதும் ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கலாம் என்று எங்கேயோ கேட்டுவிட்டு வந்தார். கிள்ளான் போகிற ரோட்டில் ஒரு சிநேகிதருடைய சின்ன ரப்பர் தோட்டம். வாங்க ஆளில்லாமல் ரப்பர் ஷீட்டு கொட்டிக் கிடந்தது. ஒரு பெரிய இரும்புத் தோங்கில், அதாவது பீப்பாயில், அதைப் போட்டு, மூடி, அடியில் விறகு வைத்து, மேலே குழாய் போட்டு, குழாயைக் கால்வாய்த் தண்ணீருக்குள் விட்டு, மறு முனையில் டின்னைப் பிடித்தார். சொட்டுச் சொட்டாக எண்ணெய் வந்தது. நாற்றம் கிள்ளான் பாசார் வரைக்கும் போனதாகக் கேள்வி.

முதலில் வருவது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். போகப் போகப் பழுப்பாகி, கடைசியில் கறுப்பாக, கூழாக வரும். மச்சான் கறுப்பை லோரிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, தெளிவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "சுத்தம்னா இதுதான் மாப்பிளே. முதல் தரம். விளக்குக்கு ஊத்திக்கலாம்."

முதலில் வருகிற தெளிவுதான் லேசிலும் லேசு, கொஞ்சச் சூட்டுக்கே ஆவியாகிப் பறந்து வந்தது என்று நான் சொன்னேன். கேட்டால்தானே?

"சரி, பூசை முடிஞ்சு டின்னெல்லாம் எங்கே வச்சிருக்கீங்க?" என்றேன்.

"வெளியே வச்சா ஜப்பான்காரன் தூக்கிட்டுப் போயிடுவான் லா. அக்கா கட்டிலுக்கு அடியில."

அக்காவுக்கு நிறை மாதம்.

கட்டிலுக்கு அடியில் ஐந்து டின்

சிரிப்பாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன், ஆனால் அதைக் கேட்டதும் நான் ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

பிள்ளை பெறுகிற அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விளக்கு அணையக்கூடாது. சாம்பிராணி போட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகு அனல் சட்டி வைத்துத் தாய்க்கு ஒத்தடம் கொடுக்க வேண்டும். பலகை வீடு, ஓலை வேய்ந்த அத்தாப்புக் கூரை. எனக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டவள் அவள்தான்.

டின்களை வெளியே குழி வெட்டி வைக்கும்படி மச்சானிடம் கெஞ்சினேன். "ஆத்தாவே வந்து நின்ன எண்ணெய் மாப்பிளே. அதைக் கொண்டுபோய்க் குழியில வைக்கச் சொல்றியா?" என்றார். வெள்ளிக்கிழமை மறுபடியும் தீபாராதனை காட்டப்போவதாகத் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணால் பார்த்தால்தான் மச்சான் நம்புவார். கிண்ணத்தைத் திருடினேன்.

திருடினேன் என்பது பெரிய வார்த்தை. ஒரு ராத்திரிக்கு வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாப்பாட்டுக் கேரியரின் அடித் தட்டில் கிண்ணம், மேல் தட்டில் அவித்த மரவள்ளி. கிடங்கு வாசலில் துப்பாக்கியோடு நின்ற ஜப்பான்காரன் கேரியரைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். ஒரு துண்டு மரவள்ளியை எடுத்து வாயில் போட்டான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! போ, போ என்று கையை ஆட்டினான். உப்பில்லாமல் அவித்த மரவள்ளி என் தலையைக் காப்பாற்றியது.

பாப்பம்மாவின் முழங்கை

மறுநாள் விடியற்காலையில் மச்சான் வீட்டுப் பின்கட்டில் கடை விரித்தேன். மருத்துவச்சி பாப்பம்மாவும் வந்திருந்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப்போட்டவள், அதனால் யாரையும் மரியாதையாகக் கூப்பிட மாட்டாள்.

ஒரு சிக்கல். கிண்ணத்தோடு இருக்க வேண்டிய தெர்மாமீட்டரைக் கிடங்கிலிருந்து எடுக்கத் தைரியம் வரவில்லை. சூட்டை எதில் அளப்பது?

"என்னடா முழிக்கிறே? பிள்ளை குளிப்பாட்டத் தண்ணி பதம் பார்க்கிறவ நான். இதுக்கு ஒரு கருவியா?" என்று பாப்பம்மா முழங்கையை நீட்டினாள்.

முதலில் தேங்காய் எண்ணெய். சூடாக்கினேன். பாப்பம்மா கிண்ணத்தின் பக்கத்தில் முழங்கையை வைத்து, "பிள்ளைத் தண்ணி" என்றாள். சுடரைக் காட்டினேன். ஒன்றுமில்லை. "பெரியவங்க தண்ணி." ஒன்றுமில்லை. "அடப்பாவி, தோல் உரியுது!" அப்போதும் ஒன்றுமில்லை.

அடுத்து, அக்கா மருந்துக்கு என்று ஒளித்து வைத்திருந்த உண்மையான மண்ணெண்ணெய், ஒரு கை அளவு. பிள்ளைத் தண்ணியில் ஒன்றுமில்லை. அதற்கும் மேலே கொஞ்சம் சூடு ஏறியதும் 'பக்'.

மூன்றாவது, மச்சானுடைய முதல் தரம். கிண்ணத்தை அடுப்பில் வைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் வாளிக்குள் இறக்கி வைத்தேன். பாப்பம்மா தொட்டுப் பார்த்து, "ஜில்லுனு இருக்கு" என்றாள். ஜன்னலைத் திறந்தேன். சுடர் இன்னும் எட்டிப்பார்க்கவே இல்லை, 'பக்' என்று மூடியே துள்ளியது.

மச்சான் இரண்டடி பின்னால் போனார். "ஆத்தா..." என்று ஆரம்பித்தார்.

"ஆத்தாவும் இல்லை, தாத்தாவும் இல்லை!" என்றாள் பாப்பம்மா. "டேய் முத்தையா, இது பச்சைத் தண்ணியிலேயே பத்துதுடா! இதைப் பொண்டாட்டிக்குக் கீழே வச்சுக்கிட்டா சாமி கும்பிட்டே? ஒரு டின்னு அந்த ரூம்ல இருந்தாலும் நான் பிள்ளை பிடிக்க மாட்டேன். நீயே பிடிச்சுக்கோ."

மச்சான் முகம் செத்துப்போய்விட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு இடிந்துபோய் உட்கார்ந்தவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், இருந்தது, ரொம்பவே இருந்தது. அந்தச் சந்தோஷம்தான் என் கண்ணை மறைத்தது என்று பிறகு தெரிந்தது.

பத்தாவது வரி

அன்றைக்கே வேலை நடந்தது. நான் அதிகாரம் பண்ணினேன், மச்சான் சுமந்தார். வீட்டை விட்டுத் தள்ளி, ஆற்றோரம் போகிற வழியில், வாழைக் கூட்டத்துக்குள் குழி வெட்டினோம். நிழல் வேண்டும். காற்று வேண்டும். டின்னை வழிய வழிய நிரப்பக் கூடாது, வெயிலில் எண்ணெய் உப்பும், நாலு விரல் இடம் விட வேண்டும். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். மேலே ஈரச் சாக்கு, பக்கத்தில் மணல். நான் கிடங்குச் சுவரில் என் கையாலேயே எழுதி மாட்டியிருந்த பலகையில் இருந்ததெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

நான்கு டின் குழிக்குப் போனது. ஐந்தாவதை மச்சான் காலையிலேயே ஒரு சிநேகிதருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டார். அது காலி.

"இதை என்ன பண்றது மாப்பிளே?"

"காலி டின்தானே" என்றேன். "வீட்டிலேயே இருக்கட்டும்."

அதோடு விட்டேனா? அக்கா கட்டில் பக்கத்தில் விளக்கு வைக்க மேடை இல்லை. அந்த டின்னைத் துடைத்து, மேலே ஒரு துணியை விரித்து, பிள்ளை பிறக்கும்போது ஏற்றுவதற்கான விளக்கை அதன்மேல் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

கிடங்குப் பலகையில் பத்து வரி உண்டு. பத்தாவது வரி: 'காலி டின்னை நிறைந்த டின்னைவிடக் கவனமாக வைக்கவும்.' வெள்ளைக்காரன் சொல்ல, நான் எழுதியது. எழுதும்போது நமட்டுச் சிரிப்பு வந்தது நினைவிருக்கிறது. ஒன்பது வரிக்கு மேல் துரைக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது, ஒப்புக்கு ஒன்று சேர்த்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

கர்ப்பிணி மூக்கு

மூன்றாம் நாள் மத்தியானம் அக்காவுக்கு வலி எடுத்தது. பாப்பம்மா உள்ளே, நானும் மச்சானும் பின்கட்டில்.

உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "நாத்தம் அடிக்குது. அந்த டின்னை எடுங்க."

யாரும் அசையவில்லை. அக்காவின் மூக்கைப் பற்றி எங்களுக்குத் தெரியும். ஐந்து மாதமாக அவளுக்கு எல்லாமே நாறியது. பக்கத்து வீட்டு இறால் பெலாச்சான் நாறியது, மச்சான் சட்டை நாறியது, மழை நாறியது. ஒரு நாள் என்னைப் பார்த்து, "உன் குரலே நாறுதுடா" என்றாள்.

"காலி டின்தான் அக்கா அது! ஒண்ணும் இல்ல!" என்று நான் வெளியிலிருந்தே கத்தினேன்.

"காலியோ கூலியோ! அது வெளியே போனாத்தான் என் பிள்ளை வெளியே வரும்!"

பாப்பம்மா கதவைத் திறந்து டின்னை எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள். "வலியில இருக்கிறவ கேட்டதைச் செய்யுங்கடா. விளக்கு ஏத்த வந்தேன், அதுக்குள்ள கத்துறா."

மச்சான் டின்னை எடுத்துக்கொண்டு முற்றத்தின் கோடிக்குப் போனார். முகர்ந்து பார்த்தார். "லேசா நாறத்தான் செய்யுது. அனல் சட்டிக்கு டின்னு வேணும்ல? ரெண்டு கங்கு உள்ளே போட்டா நாத்தமும் போயிடும், சட்டியும் ஆயிடும். என்ன மாப்பிளே?"

படித்தவன், கிண்ணம் வைத்திருந்தவன், பலகை எழுதியவன், நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"போடுங்க மச்சான்."

கொட்டாங்கச்சிக் கங்கை இடுக்கியில் எடுத்துக் கை நீளத்துக்கு நீட்டினார்.

டமார்!

டின் பறந்து வாழை மரத்துக்கு மேலே போனதை நான் கண்ணால் பார்த்தேன். தெருவே 'குண்டு, குண்டு' என்று அலறிக்கொண்டு பதுங்கு குழிக்கு ஓடியது. புகை விலகியபோது மச்சான் நின்ற இடத்திலேயே நின்றார். இடுக்கி கையில் இருந்தது. மீசை இல்லை. புருவம் இரண்டும் இல்லை. வேறெங்கும் ஒரு கீறல் கிடையாது.

பூசை அன்றைக்கு நிறைந்த டின்னுக்குள் மூச்சுக்கு இடம் இல்லை, அதனால் வாயில் மட்டும் நின்று எரிந்தது. காலி டின் முழுக்க அந்த மூச்சுதான், காற்றோடு சரியாகக் கலந்து, ஒரு பொறிக்காகக் காத்துக்கொண்டு. அதன்மேல்தான் நான் விளக்கை வைத்திருந்தேன்.

ஊர் அடங்கிய அமைதியில் உள்ளேயிருந்து ஒரு பிள்ளை அழுதது.

புருவம்

கொஞ்ச நேரம் கழித்துப் பாப்பம்மா எங்களை உள்ளே கூப்பிட்டாள். பெண் குழந்தை. செக்கச்செவேலென்று, கோபமாக, புருவமே தெரியாத மொட்டை நெற்றியோடு. பாப்பம்மா பிள்ளையைப் பார்த்தாள், மச்சானைப் பார்த்தாள்.

"அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்குடி" என்றாள்.

அக்கா சிரித்தாள். பிள்ளை பெற்ற உடம்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள். மச்சான் ஒரே நேரத்தில் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பிள்ளையைத் தொடப் பயந்து நின்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டில் பக்கத்தில் பலகைத் தரையில் டின் இருந்த இடம் சதுரமாக ஈரப்பட்டுக் கறுத்திருந்தது. அக்கா தலையிலிருந்து ஒரு முழம்கூட இல்லை. நான் வைத்த விளக்கு திரி கருகாமல் புதிதாக அப்படியே தரையில் இருந்தது.

மச்சான் வெளியே போன பிறகு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். "அக்கா, அந்த டின்னை அங்கே வச்சது மச்சான் இல்ல. நான்தான்" என்றேன்.

"தெரியும்டா. பார்த்துக்கிட்டுத்தானே படுத்திருந்தேன்" என்றாள் அக்கா. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள். "மூணு நாளா நாத்தம் தாங்கல. அவர் வச்சிருந்தா அன்னைக்கே தூக்கி எறிஞ்சிருப்பேன். நீ வச்சதாச்சே, எண்ணெயைப் பத்தி உனக்குத் தெரியாததான்னு பொறுத்துக்கிட்டேன்."